கலப்புடை

சென்ற விடுமுறையிற் கீழப்பாவூரில் ஒரு மணவீட்டிற்குச் சென்றிருந்தோம். பாரிஸில் வாழ்ந்த தன் அத்தை தந்த பழைய அங்கியொன்றை அணிந்து ஒரு நங்கை அங்கு வந்தாள். அதன் கை ஜப்பானியர் கிமோனோவைப்போல் அகன்று தாழ்ந்தது. இடையோ பிரெஞ்சுத் தையல்முறைப்படி பொருந்தியமைந்தது. மூதாட்டியர் சிலர், ‘இரண்டுங்கெட்டான் உடை, நமக்கு இது தகுமோ?’ என முகஞ்சுளித்தனர். நங்கை விருந்துண்ணாமலே சென்றுவிட்டாள். அவ்வினா எம் உள்ளத்தை விட்டகலவில்லை.

கிமோனோ என்பது ஏறக்குறைய 14 அங்குல அகலமுள்ள துணியை நேர்க்கோடாக வெட்டி, வீணாக்காது இணைத்துத் தைப்பது. துணியைச் சிதையாது போற்றுவதில் அது நம் சேலைக்கு உறவுடையது. பிரெஞ்சுக் கலையோ உடலின் வளைவிற்கேற்ப வெட்டுவது. 1912-இல் பாரிஸில் தையலகம் நிறுவிய மாதலேன் வியோனே அம்மையார் கிமோனோவினின்று கற்றுக்கொண்டார். ஹிமேஜியிற் பிறந்த கென்சோ தக்காதா 1970-இல் அந்நகரிலேயே கடை திறந்து, தம் நாட்டு நேர்வெட்டினை அங்குள்ளார் விரும்பி உடுக்கச் செய்தார். கொண்டுங் கொடுத்துமே இக்கலை வளர்ந்தது.

நிற்க. முகஞ்சுளித்த மூதாட்டியரும் ரவிக்கை அணிந்தே இருந்தனர். நம் மலைக்கு அப்பால், தென் திருவிதாங்கூரில், நாடார் மகளிர் மார்பை மறைத்தல் ஆகாதென ஒரு காலத்துத் தடுக்கப்பட்டனர். மிஷனெரிமாரின் துணைவியர் தைக்கக் கற்பித்த தளர்ந்த குப்பாயத்தை அணிந்தமைக்காக அவர்கள் அடியும் இழிவும் பட்டனர். 1859-இல் அரசு குப்பாயத்திற்கு இசைவளித்தபோதும், உயர்குலத்தார்போல் உடுத்தலாகாது என்றே வரம்பிட்டது. ஐரோப்பியர் தையலும் நம்மவர் துணியுங் கூடிய அதுவும் கலப்புடையன்றோ? அதனாலன்றோ பலர் மானம் பெற்றனர்?

புதுமையெல்லாம் நன்றென்பது எம் கருத்தன்று. விலை மிக்கது என்பதற்காகவே ஓர் உடையைப் பூணுதலும், நெய்தவரை மறந்து பெயர்ச்சீட்டினை மதித்தலும் பேதைமையே. ஆயினும், அயல் என்னும் ஒரு சொல்லால் எவ்வுடையையும் தள்ளுதல் முறையன்று. ‘உடுத்தவள் விரும்பி உடுத்தாளா? அது அவளுக்கு மதிப்புத் தருகின்றதா?’ என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

நம் ஆண்டவரின் தையலில்லா அங்கியைக் கிழிக்க மனமின்றிச் சேவகர் சீட்டுப் போட்டனர். துணியின் அருமை அவர்களுக்குத் தெரிந்தது. உடுத்தவரின் அருமை தெரிந்திலது. அன்று மணவீட்டில், அந்நங்கையை இருந்து உண்ணுமாறு யாமும் அழைத்திலேம். இனி அப்பிழை செய்யாதிருப்போமாக.