கல்லறைக்கும் கட்சி உண்டு

மயானத்தில் அரசியல் பேசக் கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது. கேட்பதற்கு மிகவும் கண்ணியமான கட்சி. செத்தவர்களையாவது சும்மா விடுங்கள் என்று ஒருவர் தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் வாய் திறக்கிறவன் ஈவிரக்கமற்ற பாவியாகி விடுகிறான். எனக்கு இந்தக் கண்ணியத்தில் நம்பிக்கை இல்லை. பேச்சை நிறுத்தச் சொல்கிறவர் அநேகமாகத் தாம் பேச வேண்டியதைப் பேசி முடித்தவராகவே இருப்பார்.

2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசிய மயானத்திலிருந்து ஒரு வெண்கல நினைவுச் சின்னத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். அப்போது இந்தக் குரல் பலமாகக் கேட்டது. ஆர்லிங்டன் என்றதும் நம்மில் பலருக்கு 1963-ல் அடக்கமான கென்னடியும், அவர் சமாதியில் எரியும் அணையா விளக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். 2003-ல் கொலம்பியா விண்கலத்தோடு மாண்ட நம் கல்பனா சாவ்லாவின் பெயரும் அங்கே ஒரு நினைவுக் கல்லில் இருக்கிறது. வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொடோமாக் நதியின் அக்கரையில், குன்றின் மேலே வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். நாலு லட்சம் பேருக்கு மேல் உறங்குகிறார்கள். படத்தில் பார்த்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தோன்றும். அந்த அழகுதான் ஏமாற்றுகிறது. அரசியலே தீண்டாத புனித பூமி என்று அதைச் சொல்கிறவர்கள், அந்தப் பூமி யாருடையது, எப்படிக் கைமாறியது என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டனின் வளர்ப்புப் பேரன் கஸ்டிஸ் என்பவரின் பண்ணை அது. 1,100 ஏக்கர். உச்சியிலுள்ள மாளிகையை அடிமைகளின் உழைப்பைக் கொண்டு கட்டினார். 1857-ல் அவர் கண்ணை மூடினார். ஐந்து வருஷத்துக்குள் அடிமைகளை விடுதலை செய்ய வேண்டும் என்று உயில். அதை நிறைவேற்றும் பொறுப்பு மருமகன் ராபர்ட் லீயின் தலையில் விழுந்தது. லீ அந்த ஐந்து வருஷத்தையும் கடைசி வரைக்கும் உபயோகப்படுத்திக் கொண்டார்; விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது 1862 டிசம்பர் 29-ல். இடையில் 1859-ல் தப்பி ஓடிப் பிடிபட்டவர்கள் சாட்டையடி பட்டதை அவர்களில் ஒருவரே 1866-ல் வாக்குமூலமாகச் சொல்லியிருக்கிறார்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. லீ தேசத்தின் ராணுவத்தை விட்டு விலகித் தென் மாகாணங்களின் தளபதியானார். வீடு வடக்கத்தியப் படையின் கைக்குப் போனது. நிலத்துக்கு வரி போட்டார்கள்: 92 டாலர் 7 சென்ட். லீயின் மனைவி ஓர் உறவினரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். சொந்தக்காரரே நேரில் வந்து கட்ட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முடக்குவாதத்தில் கிடந்த அந்த அம்மாள் போர்முனையைத் தாண்டி எப்படி வருவாள்? 1864 ஜனவரியில் பண்ணை ஏலத்துக்கு வந்தது. சர்க்காரே 26,800 டாலருக்கு எடுத்துக்கொண்டது.

அந்த மே மாதம் முதல் சிப்பாயைப் புதைத்தார்கள். ராணுவத் தளவாடத் தலைவர் மெய்க்ஸ், ஜார்ஜியாவில் பிறந்த தெற்கத்தியர். ஆனால் துரோகம் செய்தவர்களை மன்னிக்காதவர். அதிகாரிகளின் பிணங்களைக் கொண்டுபோய் லீயின் மனைவி வளர்த்த ரோஜாத் தோட்டத்தைச் சுற்றிப் புதைக்கச் செய்தார். யுத்தம் முடிந்த பிறகு, அடையாளம் தெரியாத 2,111 பேரின் எலும்புகளை ஒரே பள்ளத்தில் அந்தத் தோட்டத்தருகே போட்டு மூடினார்கள். இனி எவரும் அந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது. அந்த 1864 அக்டோபரில் மெய்க்ஸின் மகனே யுத்தத்தில் செத்தான். அவனும் அங்கேதான் கிடக்கிறான்.

இடம் இல்லாத நெருக்கடி ஒரு காரணம் என்பது உண்மை. பழி வாங்கும் உணர்ச்சி அதைவிடக் குறைந்த காரணம் அல்ல. 1882-ல் லீயின் மூத்த மகன் தொடுத்த வழக்கில், சர்க்கார் நிலத்தை எடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான பிணங்களைத் தோண்டி எடுப்பதா? மறு வருஷம் 1,50,000 டாலர் கொடுத்து நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். அப்போது யுத்த மந்திரியாக இருந்து பத்திரத்தை ஏற்றுக்கொண்டவர் லிங்கனின் மகன். நான் கதையில் இப்படி எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறதென்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இப்போது சிலைக்கு வருகிறேன். 1900-க்குப் பிறகு, தெற்கத்தியப் படையின் பிணங்களையும் ஆர்லிங்டனில் ஒரு பகுதியில் சேர்த்தார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை; செத்தவன் கிடக்க ஆறடி நிலம் வேண்டும். ஆனால் 1914-ல் அவர்கள் நடுவே, தெற்கத்தியப் படையினரின் சந்ததிப் பெண்கள் சங்கம் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. சமரசச் சின்னம் என்று பெயர். அதில் கறுப்புப் பெண்ணொருத்தி, யுத்தத்துக்குப் போகும் எஜமானனின் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். கறுப்பு அடிமையொருவன் எஜமானனின் பின்னால் யுத்தத்துக்குப் போகிறான். சமரசம் யாருக்கும் யாருக்கும்? வெள்ளையர்கள் இருவருக்கும் நடுவே. அதற்குச் சாட்சியாக, தன் விலங்கைப் பிரியமாகச் சுமக்கும் ஓர் அடிமையை வெண்கலத்தில் வார்த்து நிறுத்தினார்கள். அது அரசியல் இல்லையாம். அதை எடுப்பதுதான் அரசியலாம்! எடுத்தபோது ஒரு கல்லறை கூடக் கலையக் கூடாதென்று கருங்கல் பீடத்தை அப்படியே விட்டுத்தான் எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி அதைத் திரும்பவும் கொண்டுவந்து நிறுத்தப் போவதாக அறிவித்தார். செத்தவர்களைச் சும்மா விடச் சொன்ன குரல்களில் எத்தனை அப்போது ஒலித்தன?

அதே மயானத்தின் 27-ம் பகுதியில் 3,800-க்கு மேற்பட்ட கறுப்பு மக்கள் கிடக்கிறார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து வாஷிங்டனைச் சுற்றி நோயிலும் பசியிலும் மாண்டவர்கள். பண்ணையிலேயே 1863-ல் அவர்களுக்கென்று ஒரு கிராமம் அமைத்து, 1900-ல் அதைக் காலி செய்தும் விட்டார்கள். கல்லறைக் கற்களில் ‘குடிமகன்’, ‘சிவிலியன்’ என்று பொறித்திருக்கிறது. கறுப்பர் எவரும் இந்நாட்டின் குடிமகனாக முடியாதென்று 1857-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தேசம் இது. அந்த ஒரு சொல்லைப் பெறுவதற்கு ஒரு மனிதன் சாக வேண்டியிருந்தது. கறுப்புச் சிப்பாய்களுக்குத் தனியிடம், வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தனியிடம் என்ற முறை 1948-ல் ட்ரூமன் உத்தரவு போடும் வரையில் இருந்தது. மண்ணுக்குள் போன பிறகும் சாதி பார்த்த இடத்தில் அரசியல் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கதைக்காரனுக்குப் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கத் தெரிய வேண்டும். பெயர் இல்லாதவன் ஒருவன். பெயர் பறிக்கப்பட்டவன் வேறொருவன். ஆர்லிங்டனில் புகழ் பெற்றது பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை. 1921-ல் முதல் உலக யுத்தத்துச் சிப்பாயை அங்கே வைத்தார்கள். 1937 முதல் இரவும் பகலும் காவல். 21 எட்டு வைத்து நடந்து, 21 விநாடி நிற்கும் காவலன். 1958-ல் இன்னும் இருவர். வியட்நாம் யுத்தத்துக்கும் ஒருவர் வேண்டுமென்று 1984-ல் ஒரு சில எலும்புகளை வைத்து, ஜனாதிபதி ரீகன் உருகிப் பேசினார். அந்த எலும்புகள் 1972-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி மைக்கேல் பிளாஸியுடையவை என்று ராணுவத்துக்கே முதலில் எண்ணம் இருந்தது. எலும்போடு அவருடைய அடையாள அட்டை கிடைத்திருந்தது. பிற்பாடு அது காணாமல் போயிற்று. 1980-ல் காகிதத்தில் அவர் பெயரை நீக்கினார்கள். குடும்பத்தார் விடாமல் கேட்ட பிறகு, 1998-ல் தோண்டி எடுத்து, மரபணுச் சோதனையில் அவரே என்று தெரிந்துகொண்டார்கள். செயிண்ட் லூயிஸில், சொந்த ஊர் மண்ணில், தம் பெயரோடு அவர் அடக்கமானார். பெயர் தெரிந்த மகனைப் பெயர் தெரியாதவனாக்கித் தேசத்துக்கு ஒரு சின்னம் செய்துகொண்டார்கள். வருஷக்கணக்கில் அந்தத் தாய் தன் மகனுக்கு மரியாதை நடப்பது தெரியாமலே இருந்தாள். வியட்நாமின் அந்தக் குழி இன்றும் காலி.

அங்கே என் மனம் ஒட்டிக்கொள்ளும் ஒருவர் உண்டு. ஜேம்ஸ் பார்க்ஸ் என்ற மனிதர். அந்தப் பண்ணையிலேயே அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் அந்த மயானத்தின் முதல் குழிகளைத் தோண்டியவர்களில் ஒருவர். 1929-ல் இறந்தபோது விசேஷ அனுமதி வாங்கி, ராணுவ மரியாதையோடு அவரையும் அங்கே அடக்கம் செய்தார்கள். அந்த நாலு லட்சம் பேரில் அந்த மண்ணிலேயே பிறந்து அந்த மண்ணிலேயே அடங்கியவர் அவர் ஒருவர்தான்.