நூலக வரி எங்கே போகிறது?

அன்புள்ள ஊராருக்கு,

உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரி நூலகங்களுக்குப் போய்ச் சேராமல் பாக்கி நிற்கிறது என்ற செய்தி மறுபடியும் கண்ணில் பட்டது. புதிய செய்தி இல்லை. அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. சொத்து வரி 1,000 ரூபாய் என்றால் அதன் மேல் 100 ரூபாய் நூலக வரி. அது நகராட்சியின் பணமும் அல்ல, பஞ்சாயத்தின் பணமும் அல்ல. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்காக நம்மிடம் வாங்கிய பணம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் பாடுபட்டதால் 1948இலேயே, சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. ஆட்சியாளர்களின் தயவை எதிர்பார்க்காமல் நூலகம் பிழைக்கத்தான் தனி வரி வைத்தார்கள். அந்தப் பணத்தைக் கைமாற்றாமல் வைத்திருப்பது தாமதம் என்றால், வேறு எதைத்தான் முறைகேடு என்பது?

நான் இருக்கும் அமெரிக்காவில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பெருமை பேச வரவில்லை. (கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.) இங்கே 1996இல் உருவான அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனம் மாநிலங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கில் நிதி தருகிறது, மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். ஐந்தாண்டுத் திட்டம் எழுதித் தரவேண்டும், முடிவில் அது யாருக்கு என்ன பயன் தந்தது என்று மதிப்பிட்டுக் காட்டவும் வேண்டும். நூலக ஆய்வுக்கென்றே தனி நல்கைகளும் உண்டு. 2025 மார்ச்சில் அதிபரின் ஆணை ஒன்று அந்த நிறுவனத்தையே சுருட்டப் பார்த்தது. மேய்ன் மாநில நூலகம் ஆட்களைக் குறைத்தது. ஆனால் 21 மாநிலங்கள் வழக்குப் போட்டன. நவம்பரில் நீதிமன்றம் அந்த ஆணை சட்டவிரோதம் என்றது. வழக்காட முடிந்ததற்குக் காரணம், யாருக்கு எவ்வளவு வரவேண்டும், அது நின்றால் எந்தச் சேவை நிற்கும் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்ததுதான். நம் கிளை நூலகத்துக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு வரவேண்டியிருந்தது என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் நூலகம் கட்டியது போதாதா என்பீர்கள். பிரம்மாண்டமான நூலகங்கள்தாம், மறுக்கவில்லை. கோட்டூர்புர நூலகத்தை மருத்துவமனையாக்க 2011இல் முடிவெடுத்தபோது ஊரே கொதித்தது, நீதிமன்றம் தடுத்தது. கண்ணுக்குத் தெரிகிற கட்டடத்துக்காகக் கொதிக்கத் தெரிந்த நமக்கு, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பாக்கிக்காகக் கொதிக்கத் தெரியவில்லை. இப்போது யார் நூலகம் போகிறார்கள், எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் தேடுவது புத்தகத்தைவிட நாற்காலியும் மின்விசிறியும் அமைதியும். எத்தனை பேர் வருகிறார்கள், எந்நேரம் வருகிறார்கள், எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார்கள் என்று ஊர் ஊராக ஆராய்ந்து பார்த்தால்தானே எதை மேம்படுத்துவது என்று தெரியும்? சேரவேண்டிய பணமே சேராதபோது அந்த ஆராய்ச்சிக்கு யார் ஒதுக்குவார்கள்?

ஊரை விட்டுப் போனவனுக்கு என்ன அக்கறை என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்களைப் போன்றவர்கள் கப்பலில் அனுப்பும் பழைய புத்தகப் பெட்டிகள் பெரும்பாலும் எங்கள் மனச்சாட்சிக்கான மருந்து. நூலகத்துக்கு அவை நிதி ஆகா. அதைவிட உதவுவது வசூலான வரிக்குக் கணக்குக் கேட்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடக் கட்டணம் 10 ரூபாய். ஆனால் அந்த உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். கடவுச்சீட்டை மாற்றிக்கொண்ட என்னால் அதில் கையெழுத்திட முடியாது. உங்களால் முடியும். கேட்கவேண்டியவை இரண்டே: கடந்த ஐந்து ஆண்டுகளில் நம் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு. தயவுசெய்து யாராவது ஒருவர் இந்த மாதமே போடுங்கள்.

இப்படிக்கு,
தூரத்தில் இருக்கும் உங்களில் ஒருவன்