எத்தனை கிரெடிட் முடிந்தது?

ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளை உள்ள வீடுகளில், "என்ன படிக்கிறான்?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறான்?" என்று கேட்டால், அப்பா அம்மாவைப் பார்ப்பார்.

காசும் காலமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன. நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். பொறியியலுக்கு இன்னும் கூடும். எட்டு செமஸ்டர் என்றால் தலா 15. விரிவுரை, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம். அப்படியானால் செமஸ்டருக்கு 600 மணி நேரம். 18 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 33 மணி நேரம். இதற்கு மேல் இரவில் உணவகத்தில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை எத்தனை நாள் தாங்கும்?

முதலாண்டில் ஒரு பாடம் தவறினால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அதை முடித்தால்தான் அடுத்த பாடம் எடுக்க முடியும் என்றிருக்கும். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும் என்றால், ஒரு பாடம் ஓராண்டை விழுங்கிவிடும். பி.டி.பி.டி.என். கடனோ அங்கீகரித்த காலத்துக்கு மட்டும்தான். கூடுதல் செமஸ்டரின் கட்டணமும் அறை வாடகையும் வீட்டின் தலையில் விழும். அடுத்த பிள்ளை எஸ்.பி.எம். முடித்துக் காத்திருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

பெற்றோர் செய்யக்கூடியவை சில. முழுப் படிப்புக்கான பாட அட்டவணையை வாங்கி ஐஸ்பெட்டிமேல் ஒட்டுங்கள். செமஸ்டர் முடிந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து முடித்ததைக் கோடிடுங்கள். பாடம் தவறினால் திட்டுவதற்கு முன், குறுகிய செமஸ்டரில் திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பாடத்தைக் கைவிடும் கடைசி நாளுக்கு முன்பே கல்வி ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வு வாரத்தில் கல்யாணம், காதுகுத்துக்கு அழைக்காதீர்கள். உடம்பு முடியவில்லை என்றால் வகுப்புக்குப் போகாமல் இருப்பதைவிட, முறைப்படி எழுதிக் கொடுத்து ஒத்திவைப்பது மேல்.

1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், நம் தோட்டத்து மக்கள் சிறுகச் சிறுகக் கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள். கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. இந்த வாரம் பிள்ளை போன் செய்யும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு கிரெடிட்டையும் கேளுங்கள்.