கொள்ளிடத்துக்கு இனி மணல் வராது

திருமழபாடியில் ஆற்றங்கரையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் படுகை நிலம் உண்டு. நெல்லும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடுவோம். கொள்ளிடத்தில் ஓடுகிற தண்ணீரை நம்பி இங்கே யாரும் நடவு செய்வதில்லை. கல்லணையில் பிரியும் பாசனத் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு வழியாகத் தஞ்சைப் பக்கம் போய்விடும். கொள்ளிடம் வெள்ளம் வடிகிற ஆறு. ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணல். அந்த மணலுக்குள் நிற்கிற தண்ணீர்தான் எங்கள் போர்வெல்லில் ஏறுகிறது, கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கும் போகிறது. ஆகவே, 'சும்மா கிடக்கிற மணலை அள்ளினால் என்ன?' என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அள்ளிய மணலுக்குப் பதில் மணல் எங்கிருந்து வரும்? 1934இல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்து மேலிருந்து உருண்டு வருவது அங்கேயே தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே வந்து சேரும் பவானி, அமராவதி இரண்டிலும் 1950களிலேயே அணை கட்டியாயிற்று. 'ஒரு வெள்ளம் வந்தால் குழி தூர்ந்துவிடும்' என்பார்கள் குவாரிக்காரர்கள். தூரத்தான் செய்கிறது, மேற்கே இன்னொரு ஊரின் மணலை அரித்துக்கொண்டு வந்து.

ஆழமாக அள்ளிய இடத்துக்குப் போய்க் கரையைப் பாருங்கள். மேலே முழ உயரத்துக்குக் கருத்த வண்டல். எத்தனையோ வெள்ளங்கள் கொண்டுவந்து போட்டது அது. பயிரின் வேர் போவது அதில்தான். அதற்குக் கீழே மணலும் எக்கலும் அடுக்கடுக்காக இருக்கும். ஆற்று மட்டம் உயர்ந்திருந்தவரை இந்த அடுக்குகள் நின்றன. மட்டம் இறங்கியதும் அடியிலுள்ள மணல் கழன்று போகிறது, மேல் வண்டல் அந்தரத்தில் தொங்குகிறது, ஏதோ ஒரு மழை ராத்திரியில் வேலியோடு சரிகிறது. பக்கத்து வயல்காரருக்குத் தென்னை வரிசையே ஆற்றுக்குள் போனது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது; மண் கடலைப் பார்க்கப் போய்விட்டது. ஆற்றுக்குள்ளோ மணல் தீர்ந்த இடத்தில் களி தெரிகிறது. அதில் தண்ணீர் இறங்காது, தேங்கி வற்றும். பிறகு சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்ளும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆர்தர் காட்டன் காலத்து, 1836இன் கட்டடம். மணல் கொள்ளைதான் காரணம் என்றார்கள் விவசாயிகள், அரசு மறுத்தது. வயதான அணை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தனவே, அது மட்டும் தற்செயலா?

ஆற்று மணலை 2003 முதல் அரசே அள்ளி விற்கிறது. அனுமதி என்னவோ ஒரு மீட்டர் ஆழத்துக்குத்தான். 2023இல் அமலாக்கத் துறை குவாரிகளில் சோதனை போட்டு, ஐஐடி கான்பூர் நிபுணர்களைக் கொண்டு அளந்து, அனுமதித்ததைவிடப் பல மடங்கு எடுத்திருக்கிறார்கள் என்றது. எங்கள் அரியலூர் உட்பட 5 மாவட்ட ஆட்சியர்கள் அமலாக்கத் துறை முன் நேரில் ஆஜராக வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு எப்படியோ முடியட்டும். எங்கள் ஆற்றில் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல வடக்கேயிருந்து ஆள் வரவேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு உறைக்கிறது.

வீடு கட்ட எம்-சாண்ட் இருக்கிறதே என்பார்கள். அதைத்தான் வாங்கவேண்டும்; அதுவும் பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறையை உடைத்து வருவதுதான் என்ற நினைப்போடு, வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்கவேண்டும். எங்கள் மாவட்டத்துக்குப் பள்ளம் புதிதில்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள் ஏற்கெனவே ஊர் ஊராகக் கிடக்கின்றன.

குவாரி வேண்டாம் என்று திருமானூர் வட்டார மக்கள் பலமுறை தெருவில் இறங்கிவிட்டார்கள். அதோடு நான் இன்னொன்றும் கேட்கிறேன். வெள்ளம் வடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, ஆற்றின் மணல் மட்டத்தையும் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் நீர்வளத் துறை அளந்து கிராம சபையில் வைக்கட்டும். பெரிய செலவில்லை. ஆற்றங்கரையில் ஒரு அளவுகல் நட்டால் பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் நந்தி கல்யாணத்துக்கு வருகிற கூட்டமும் பார்த்துவிட்டுப் போகும். முந்தைய ஆண்டைவிட மட்டம் இறங்கியிருந்தால், அந்த ஆண்டு இந்த ஆற்றில் பொக்லைனை இறக்கக் கூடாது.