கர்ப்பகாலப் பராமரிப்பில் முடிவுத்துணைச் செயலிகள்: எங்கள் நிலைப்பாடு

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டும் செயலிகளை எங்கள் அமைப்பு ஆதரிக்கிறது. ஆனால் பதிவேடு எழுதும் சுமையை அவை குறைக்க வேண்டும். ஆபத்து என்று செயலி சொல்லும் பெண்ணை உடனே கவனிக்க ஒரு மருத்துவமனையும் தயாராக இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் வரும் செயலியை எதிர்ப்போம்.

தமிழ்நாட்டில் கணினிப் பதிவு புதிதல்ல. கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் பதிந்து, அது தரும் ஆர்.சி.எச். எண்ணைப் பெற்றால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆனால் பிக்மி முதன்மையாகப் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் ஆனது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இன்று என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

ஐந்தாம் மாதத்தில் ரத்த அழுத்தம் 104/66 இருந்தவருக்கு 32-வது வாரத்தில் 136/86 என்று வைத்துக்கொள்வோம். 140/90-ஐத் தொடவில்லை, சிவப்பு மையில் எழுத முகாந்திரம் இல்லை. வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்கும்போது பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? பழைய அளவுகளை அருகருகே காட்டி, தலைவலி உண்டா என்று கேட்கச் சொல்லி, சிறுநீரில் புரதம் பார்க்கவும் சில நாளிலேயே மறுபடி அழைக்கவும் நினைவூட்டும் செயலி அங்கே உண்மையான துணை. முதல் சர்க்கரைப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்று வந்தவருக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும் என்பதும் இப்படி விட்டுப்போகிற ஒன்றுதான்.

செயலி மட்டும் போதாது என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்திலும் பாகிஸ்தானிலும் மொசாம்பிக்கிலும் களப்பணியாளர்கள் கைப்பேசிச் செயலியின் துணையோடு கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மேல்சிகிச்சைக்கு அனுப்பிய பெரிய ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. தாய் சேய் இறப்பும் கடும் பாதிப்பும் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. பலமுறை சந்திக்கப்பட்ட பெண்களிடம் மட்டும் பலனுக்கான அறிகுறி தெரிந்தது. பணியாளர் போய்ச் சேரவில்லை என்றால் செயலி யாருக்கு?

எனவே, ஒரே அளவைப் பதிவேட்டிலும் பிக்மியிலும் புதுச் செயலியிலும் எழுதவைப்பதை அரசு நிறுத்த வேண்டும். தாயின் கையில் இருக்கும் தாய் சேய் நல அட்டை மட்டும் தொடரட்டும், அது அவருடையது. சிக்னல் கிடைக்காத ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் இணையம் இல்லாமலே செயலி இயங்க வேண்டும். ரத்த அழுத்தக் கருவிகளைக் குறித்த காலத்தில் சரிபார்க்க வேண்டும். தப்பான அளவைக் கொடுத்தால் தப்பான யோசனைதான் வரும்.

பணியாளரின் பணிவரம்புக்குள் ஏற்கெனவே இருக்கும் வேலைகளுக்கே இத்தகைய கருவிகளைப் பரிந்துரைக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. மருத்துவர் இல்லாத குறையைச் செவிலியர் தலையில் கட்ட செயலியைச் சாக்காக்கக் கூடாது. அதன் யோசனையைச் செவிலியர் ஏற்காவிட்டால் காரணத்தை ஒரு வரியில் பதியட்டும். அதற்கு மெமோ வரக்கூடாது. எச்.ஐ.வி., முந்தைய கருக்கலைப்பு போன்ற விவரங்கள் சிகிச்சை தருபவரைத் தாண்டிப் போகக்கூடாது.

மாநிலம் முழுவதும் விரிக்கும் முன் சில வட்டாரங்களில் சோதித்து, முடிவை வெளியிடக் கோருகிறோம். எத்தனை பேர் லாகின் செய்தார்கள் என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம். செயலி ரெஃபர் செய்யச் சொன்னவர்களில் எத்தனை பேரை, எத்தனை மணி நேரத்தில், மருத்துவர் பார்த்தார் என்ற கணக்கே வேண்டும்.