குளிர்காலத்தில் செடிகளை ஓயவிடுவோம்

இரவு வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸை நெருங்கியதும் கனடாவின் டொரன்டோ வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் கொல்லையிலும் பால்கனியிலும் இருக்கும் மல்லிகை, செம்பருத்தி, அரளித் தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்கின்றன. அதுவரை சரி. அதற்குப் பின் செய்வதில்தான் பிழை நேர்கிறது. வெயில் நாட்டுச் செடியாயிற்றே என்று ஹீட்டர் ஓடும் வரவேற்பறையில் வைக்கிறோம். வாடிவிடக் கூடாதே என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஜனவரியில் இலை கொட்டினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் உரம். மார்ச்சில் செடி குப்பைக்குப் போகிறது. பழி மட்டும் பனியின்மேல் விழுகிறது. வெளிச்சம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் செடிக்குச் சூடு கொடுக்கக் கூடாது என்பதே என் வாதம். பகல் சுருங்கிய மாதங்களில் செடியைக் குளுமையான இடத்தில் ஓயவிடுவதுதான் அதைக் காப்பாற்றும் வழி.

கணக்கு எளிது. டிசம்பர் 21 வாக்கில் டொரன்டோவில் பகல்பொழுது ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரமே ஏறுகிறது. கோடையில் ஒரு லட்சம் லக்ஸ் வெயிலில் குளித்த செடி, மேகம் மூடிய நாளில் ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்றால் சில நூறு லக்ஸில் காலம் தள்ள வேண்டும். நம் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்வதால் இந்த வீழ்ச்சி நமக்கு உறைப்பதில்லை. இலை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை சேர்க்கிறது. உயிரோடு இருக்க அதே சர்க்கரையைச் சுவாசத்தில் செலவிடுகிறது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இந்தச் சுவாசச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே 12 டிகிரி அறையில் வைத்த செடியைவிட 22 டிகிரி அறையில் வைத்த செடி தன் கையிருப்பை இரு மடங்கு வேகத்தில் கரைக்கிறது. வருமானம் நின்ற வீட்டில் கல்யாணச் செலவு இழுத்துவிட்டது போன்ற நிலை அது. கிட்டப் போய்ப் பார்த்தால் அடையாளங்கள் தெரியும்: நவம்பருக்குப் பின் விட்ட துளிர்கள் வெளிறி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கும். இலையைத் திருப்பினால் அடியில் மெல்லிய வலையும், ஊசிமுனை அளவில் நகரும் செஞ்சிலந்திகளும் இருக்கும். ஹீட்டர் உலர்த்திய காற்று அவை பெருகத் தோதானது.

குளுமையில் வைத்துக் காக்கும் முறை நெடுநாள் சோதனையில் தேறியது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் கட்டடக் கலைஞர் ஜூல் ஆர்துவாங்-மான்சார் 1684 முதல் 1686 வரை கட்டிய குளிர்கால மண்டபத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை, அரளி, மாதுளை என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டி மரங்கள் இன்றும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பருத்த சுவர்களும் தெற்கு நோக்கிய உயரமான ஜன்னல்களும் உள்ளேயிருக்கும் காற்றை உறைநிலைக்கு மேலே நிறுத்துகின்றன; மரங்களுக்கு அதுவே போதும். அக்டோபரில் உள்ளே போய் மே மாதம் வெளியே வரும் அந்த மரங்களில் சில இருநூறு வயதைத் தாண்டியவை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பெலார்கோனியத்தை, நாம் ஜெரேனியம் என்று வாங்கும் அந்தச் செடியை, வட அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு வசந்தத்தில் மறுபடி நட்டார்கள். ஒன்டாரியோ வீடுகள் பலவற்றின் அடித்தளத்தில் இருக்கும் குளிர் அறையில் கல்வாழைக் கிழங்கும் டேலியாக் கிழங்கும் இப்படித்தான் உறங்குகின்றன.

மல்லிகை என்ன ஆரஞ்சு மரமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெப்பமண்டலச் செடிகள் பலவற்றைக் கெடுக்க உறைபனி தேவையில்லை. பத்து டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருந்தாலே திசுக்கள் கெட்டுவிடும். அதனால் எல்லாவற்றையும் நிலவறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. அரளிக்கும் மாதுளைக்கும் பெலார்கோனியத்துக்கும் ஐந்து முதல் பத்து டிகிரி ஏற்றது. மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் 12 முதல் 16 டிகிரி வேண்டும். ஹீட்டர் காற்று வரும் துவாரத்தை மூடிய படுக்கையறையின் தெற்கு ஜன்னல் அடுக்குமாடி வீட்டிலும் இதற்குக் கைகொடுக்கும். ஆந்தூரியமும் வெப்பமண்டல ஆர்க்கிட்களும் இந்த முறைக்கு வெளியே நிற்பவை. அவற்றுக்குக் கதகதப்பு வேண்டும், கூடவே வெளிச்சமும் வேண்டும். குளிர் அறையில் இலை கொட்டுகிறதே என்ற பயமும் உண்டு. இலை உதிர்வது பல செடிகளுக்குச் செலவைச் சுருக்கும் வழி. தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கலாம். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீரைக் கூட்டுவதுதான் கேடு, ஏனென்றால் இலையில்லாத செடி நீரை இழுப்பதில்லை. ஈரத்தில் ஊறிய வேர் அழுகும்.

எல்இடி விளக்கு இருக்க ஓய்வு எதற்கு என்பார்கள். விளக்கு உதவும்; மறுக்கவில்லை. செடிக்கு அருகே வைத்த நல்ல விளக்கு தினமும் 12, 14 மணி நேரம் எரிந்தால் செம்பருத்தியை வரவேற்பறையிலேயே வளர்க்கலாம். ஆனால் அதுவும் அதே விதிக்குள்தான் வருகிறது: வெளிச்சத்தைக் கூட்டினால் வெப்பத்தையும் கூட்டலாம். வெளிச்சத்துக்குச் செலவிட முடியாதவருக்குச் செலவில்லாத வழி குளுமை. வசந்தத்தில் சில டாலருக்குப் புதுச்செடி கிடைக்குமே என்பது இன்னொரு வாதம். கடைச்செடி பெரும்பாலும் சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில், சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ந்தது. ஆண்டுதோறும் அதை வாங்கி ஆண்டுதோறும் எறிவது மலிவு ஆகாது. ஐந்தாண்டு நின்று தண்டு முதிர்ந்த மல்லிகை தரும் பூவைப் புதுச்செடி தராது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர். பகல் நீளும் பிப்ரவரி கடைசிவரை உரம் வேண்டாம். மார்ச்சில் கிளைகளைக் கழித்தால் புதுத் துளிரில் மல்லிகை மொட்டு வைக்கும். ஒன்டாரியோ வழக்கப்படி மே மாத விக்டோரியா தின விடுமுறைக்குப் பின், முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலுமாகப் பழக்கி வெளியே வைக்கலாம். நாற்றுப் பண்ணைகளுக்கும் ஒரு கடமை உண்டு. பல ஆண்டு வாழக்கூடிய பெலார்கோனியத்தை ஓராண்டுச் செடி என்று எழுதி விற்பதை நிறுத்தி, குளிர்காலத்தில் அது தாங்கும் வெப்பநிலையை அட்டையில் அச்சிட வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால், செடியை எறிவதா காப்பதா என்பதை வாங்குபவரே அறிந்து முடிவுசெய்வார்.