உம்மாவின் விரலில் ஒரு துளி

நம் வீடுகள் பலவற்றில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. வாப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளில் வாங்கியது அது. அவருக்கு அளந்து பார்த்து, நோட்டில் எழுதிவைத்து, மாத்திரையும் எடுத்துக்கொடுக்கும் உம்மாவின் விரலில் ஒருநாளும் குத்திப் பார்த்ததில்லை. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் சொன்னால் நாமும் நம்பிவிடுகிறோம்.

பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் உடலில் தங்கக்கூடிய நோய் இது. களைப்பை வீட்டு வேலையின் மீதும், மங்கும் பார்வையை வயதின் மீதும் சுமத்திவிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதன் முந்தைய நிலையில் இருப்போர் இன்னும் அதிகம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை கூடி, பிரசவத்துக்குப் பின் இறங்கிய பெண்களுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. அகீகா விருந்தோடு அந்தச் செய்தியும் மறந்துபோகிறது!

ஷஅபான் மாதத்திலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது. எட்டு மணி நேரமாவது எதுவும் உண்ணாத வயிற்றோடு, ஃபஜ்ருக்குப் பின் தேநீர்கூட அருந்துமுன் ஒருமுறை; பகலுணவு தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. முதல் அளவு சரியாக இருந்தும் இரண்டாவதில் எகிறுவோர் உண்டு. வெறும் வயிற்றில் 100, உணவுக்குப் பின் 140 என்ற அளவை எட்டினால் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து உறுதிசெய்ய வேண்டும். கருவி சந்தேகத்தை எழுப்பும்; தீர்ப்புச் சொல்லாது. கையைக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பேரீச்சம்பழம் தொட்ட விரல் இரத்தத்தில் இல்லாத சர்க்கரையைக் காட்டும். ஊசி ஆளுக்கொன்று புதிதாக இருக்கட்டும்.

தெரிந்தே மறைப்போரும் நம்மிடையே உண்டு. சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். நோன்பை விடச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் மற்றொன்று. நோயாளிக்குக் குர்ஆனே சலுகை அளித்திருக்க, அதை ஏற்பது ஈமானின் குறைவு ஆகாது. மேலும், நோய் உள்ள எல்லாரும் நோன்பை விட வேண்டியதுமில்லை. மருத்துவரைக் கேட்டு, மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு நோற்பவர் பலர். அளவே அறியாமல் நோற்பவருக்குத்தான் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

விரலில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே ஆலிம்கள் பெரும்பாலோரின் கருத்து. ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் நோன்பு வைத்தபடியே பகலிலும் பார்க்கலாம். 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ மஃரிபுக்குக் காத்திராமல் நோன்பைத் திறந்துவிடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள்.